கதவு போன இடம்

அத்தியாயம் 7

"இந்தப் போட்டோவுல ஒரு குறை சொல்லுங்க பாப்போம்."

வரி அதிகாரி தன் மகனின் மார்க் ஷீட்டைக் காட்டுகிறவர் மாதிரி, படத்தை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். மேடம் அதைக் கையில் எடுக்கவில்லை. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் நின்ற கண்டக்டர் எக்கிப் பார்த்தார்.

பச்சைக் கதவு. மேலே பித்தளைத் தகட்டில் பதினேழு. அதற்குக் கீழே, வந்தவர்கள் தட்டுவதற்கு ஒரு இரும்பு வளையம். அதற்கும் கீழே முத்திரை போட்ட நோட்டீஸ். வரி பாக்கி, ஏல அறிவிப்பு, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன.

"நம்பர் தெரியுது. நோட்டீஸ் தெரியுது. தேதி தெரியுது" என்று அதிகாரி விரல் மடக்கினார். "வீட்டோட வாசக் கதவுல ஒட்டணும், ஒட்டினதைப் படம் எடுக்கணும். சட்டம் அவ்வளவுதான் கேக்குது. எங்க ஆள் ரெண்டையும் செஞ்சிருக்கான். உங்ககிட்ட வந்த அந்தத் தையல்கார அம்மா நோட்டீஸே பாக்கலன்னு சொன்னா நான் என்ன பண்றது? கதவைத் திறக்காமலா இத்தனை நாள் வீட்டுக்குள்ள போய் வந்தாங்க?"

"நோட்டீஸோட மூலையில ஏதோ பிஸ்கட் மாதிரி இருக்கே சார்?" என்றார் கண்டக்டர்.

"பசைக் கட்டியா இருக்கும்."

"நீல நிறத்துலயா?"

"அரசாங்கப் பசைங்க. எந்த நிறத்துல வேணா வரும்."

கண்டக்டர் உண்மையிலேயே பஸ் கண்டக்டராக இருந்தவர். கம்பெனி பஸ்களை விற்றுவிட்டுப் போனதும் மேடத்திடம் வந்து சேர்ந்தார். மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்து, ஒரு நாள் மேலதிகாரியின் மச்சானுடைய பொய் விபத்தையும் கண்டுபிடித்துத் தொலைத்ததால், மாடியில் ஒற்றை அறை பிடித்து சொந்தமாகத் துப்பறிகிறவர். வாடகை கொடுக்கிற மாதங்களில் இருவருக்கும் சம்பளம் இருக்காது.

மேடம் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி நேராக வைத்தார்.

"இதுல ஒரு பிரதி எனக்கு வேணும் சார். ஆட்சேபணை மனு போட எதுவரைக்கும் நேரம் இருக்கு?"

"இன்னிக்கு ஆபீஸ் மூடுற வரைக்கும். நாளைக்குக் காலையில ஏலம் எடுத்த லாரிக்காரர் சாவி வாங்க வருவார். நாங்களும் கூட நிக்கணும். அந்தம்மா அழுவாங்க, நாங்க பாத்துட்டு நிப்போம்." அதிகாரி படத்தின் பிரதியை உறையில் போட்டார். "இந்த உத்தியோகத்துல எனக்கு அது ஒண்ணுதான் ஒத்துவராது."

வெளியே வந்ததும் கண்டக்டர் ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு விஷயம் எனக்கு மண்டையில ஏறல. கடன்காரன் ஆளைத்தானே தேடி வருவான்? இவங்க ஏன் கதவைத் தேடிப் போறாங்க?"

"வரி ஆளைப் பிடிக்காது. வீட்டைப் பிடிக்கும்." மேடம் நடையைக் குறைக்காமல் சொன்னார். "பாக்கி விழுந்த அன்னிக்கே அது வில்லங்கமா வீட்டு மேல ஏறி உக்காந்துக்கும். வீட்டை வித்தாலும் இறங்காது. ஓனர் செத்தாலும் இறங்காது. அடுத்து வர்றவன் தலையில விழும்."

"டிக்கெட் எடுக்காம சீட்டோட ஒட்டிக்கிட்ட கேஸு."

"இன்னும் இருக்கு. அந்த வீட்டை வெச்சு பேங்க்ல கடன் வாங்கியிருக்கலாம், வட்டிக்கு வாங்கியிருக்கலாம். யார் எப்ப கொடுத்திருந்தாலும் சரி, வரி கடைசியா வந்து வரிசையில முதல்ல நிக்கும்."

"எங்க ரூட்ல ஒருத்தர் இருந்தார் மேடம். கடைசி ஸ்டாப்பிங்ல ஏறுவார், கர்ப்பிணியை எழுப்பி விட்டுட்டு முன் சீட்ல உக்காருவார். கேட்டா, நான் யார் தெரியுமாம்பார்."

"அவரேதான். பாக்கி கட்டலன்னா வீடு ஏலம். ஏலம் எடுத்தவனுக்கு அரசாங்கம் புதுப் பத்திரம் கொடுத்துரும். பழைய பத்திரமும் அதை வெச்சு வாங்கின கடனும் அன்னியோட வெறும் காகிதம். இவ்வளவு பெரிய கத்தியைக் கையில வெச்சிருக்கிறதால, வீட்டுக்காரங்க கண்ணுல படுற மாதிரி கதவுல ஒட்டிட்டு வெட்டுன்னு சட்டம் சொல்லுது."

"ஒட்டித்தானே இருக்காங்க?"

"அதைத்தான் பாக்கப் போறோம்."

பதினேழாம் நம்பர் வீடு ஒரு ஒடுக்கமான சந்தில் இருந்தது. எதிரே ஒரு கிடங்கின் பின்சுவர் வானத்தை மறைத்து நின்றது. உச்சி வெயில் நேரத்திலும் சந்து அடுப்படி மாதிரி இருட்டாக இருந்தது. அதே பச்சைக் கதவு. அதே தகடு. மேடம் இரும்பு வளையத்தை மேலே தூக்கி விட்டார். அது 'டக்'கென்று விழுந்து நேராகத் தொங்கியது. மறுபடி தூக்கினார். மறுபடி 'டக்'.

"திறந்துதான் இருக்கு, வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"வர்றோம்மா." மேடம் உறையிலிருந்து படத்தை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார். "வளையத்தைப் பாருங்க."

கண்டக்டர் பார்த்தார். படத்தில் வளையம் தொங்கவில்லை. மேலே நிமிர்ந்து, நம்பர் தகட்டின் மேல் சாய்ந்து கிடந்தது.

"பூமிக்கு அன்னிக்கு லீவா மேடம்?"

"இன்னொண்ணு. கதவு மேல சின்னச் சின்ன வட்டமா வெளிச்சம் விழுந்திருக்கு. இந்தச் சந்துல அப்படி எங்க வெயில் விழுது?"

கண்டக்டர் கிடங்குச் சுவரை அண்ணாந்து பார்த்தார். ஒரு காக்கையின் நிழல் விழக்கூட அங்கே வெயில் இல்லை.

"அப்ப இது வேற கதவு. டூப்ளிகேட் அடிச்சிருக்கான்."

"அந்தக் கீறலைப் பாருங்க. படத்துலயும் இருக்கு, இங்கயும் இருக்கு. கதவு இதேதான். நின்னுக்கிட்டிருக்கல, அவ்வளவுதான். படுத்துக்கிட்டிருந்திருக்கு. நேரா மேல நின்னு படம் எடுத்திருக்காங்க."

உள்ளே முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைகள் வெட்டிக் கிடந்தன. தையல்கார அக்கா மிஷினை விட்டு எழுந்தார். நாளைக்குத் தெருவில் நிற்கப்போகிறவர் இன்றைக்கு யாருடைய பிள்ளைகளுக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தார். பின்னறையில், கதவில்லாத வாசலுக்கு அந்தப் பக்கம், கட்டிலில் அவர் கணவர் கிடந்தார். கை கால் வாய் எல்லாம் விழுந்துபோய், கண் மட்டும் வந்தவர்களைத் தொடர்ந்து நகர்ந்தது.

"எல்லாம் காதுல விழும். பேசத்தான் முடியாது" என்றார் அக்கா. "ஆமாம்னா கண்ணை மூடித் திறப்பார். கடையில இவர் அளவெடுத்து கோடு போடுவார், நான் வெட்டுவேன். வீடு ஏலம் போயிடுச்சுன்னு ஆர்டர் வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வெயில்ல எங்கயோ போயிட்டு வந்தார். வந்தவர் வாசல்லயே விழுந்தார்."

"வீடு யார் பேர்லம்மா?"

"ரெண்டு பேர் பேர்லயும். எங்க ரெண்டு பேர் சம்பாத்தியம்."

"வரியை யார் கட்டுவாங்க?"

அக்கா தரையில் கிடந்த நூலைப் பொறுக்கி விரலில் சுற்றினார். "நான் பணத்தை இவர் கையில கொடுப்பேன். இவர் என் தம்பிகிட்ட கொடுத்துக் கட்டச் சொல்லுவார். ரெண்டு வருஷமா அவன் கட்டவே இல்லன்னு ஆர்டர் வந்தப்பதான் தெரியும். அன்னிலேருந்து அவன் இந்தப் பக்கம் தலை காட்டல. கூடப் பிறந்தவன், மேடம். நான் இடுப்புல தூக்கி வளத்தவன்."

மேடத்தின் கண் சுவர் ஆணிமேல் போனது. அங்கே ஒரு ஆம்பளைச் சட்டை தொங்கியது. துவைத்த சட்டைதான், ஆனால் பாக்கெட் மட்டும் நீலமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"அதுவா? கோடு போடுற சாக்பீஸை எடுத்து வைக்காம பாக்கெட்லயே போட்டுப்பார். என்ன தேய்ச்சாலும் போகாது. எத்தனை தடவை திட்டியிருப்பேன்." இப்போது அதைச் சொல்லும்போது அவர் குரலில் திட்டு இல்லை.

"இந்தக் கதவை எப்பவாவது கழட்டினீங்களாம்மா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? மழையில உப்பி, தரையோட உரசிட்டே இருந்துச்சு. தம்பிதான் வண்டி வெச்சு தச்சுப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனான். வர்ற வரைக்கும் வாசல்ல பெட்ஷீட் கட்டி வெச்சிருந்தோம்."

சந்துக்கு வந்ததும் கண்டக்டர் விசில் அடிக்காத குறைதான்.

"வீட்டுக்காரங்க வீட்டுல இருக்காங்க. கதவு மட்டும் டூர் போயிருக்கு. போன இடத்துல நோட்டீஸ் வாங்கியிருக்கு. தம்பிக்காரன் பலே ஆளு மேடம்!"

மேடம் அதற்குள் பட்டறைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

பட்டறை ரெண்டு தெரு தள்ளி இருந்தது. பழைய தகரக் கூரை. மரத்தூளைத் தாண்டி உள்ளே போனதும் கண்டக்டர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார். மேலே ஆணி போய் ஓட்டையான இடங்களில் எல்லாம் வெயில் புகுந்து, அவர் தோளிலும் வயிற்றிலும் வட்ட வட்டமாக விழுந்திருந்தது.

"மேடம், என் மேல யாரோ காசு போடுறாங்க."

"பொறுக்கிக்காதீங்க. சாட்சிப் பொருள்."

தச்சர் இழைப்புளியை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கினார். முக்காலிகளின் மேல் ஒரு கதவு மல்லாந்து கிடந்தது. அதன் கைப்பிடி, தள்ளிவிட்ட பக்கம் சாய்ந்து கிடந்தது. மேடம் படத்தைக் காட்டினார்.

"பதினேழு. தெரியும். அடியில சீவிக் கொடுத்தேன். கூலி இன்னும் பாதி வரல."

"நோட்டீஸை யார் ஒட்டினா?"

"எங்க ஒட்டினாங்க? சும்மா வெச்சாங்க." தச்சருக்கே சிரிப்பு வந்தது. "வரி ஆபீஸ் ஆள் வந்து அந்தச் சந்துல நிக்கிறான். கதவு இல்ல, பெட்ஷீட் ஆடுது. பெட்ஷீட்ல ஒட்டிட்டுப் போனா ஆபீஸ்ல என்னைக் கிழிச்சுடுவாங்க, கதவு எங்க கதவு எங்கன்னு கேட்டிருக்கான். வீட்டு ஆளே இங்க கூட்டிட்டு வந்துட்டார். கதவுலதானே ஒட்டணும், இந்தா இருக்கு கதவுன்னார். அவனும் வேலை முடிஞ்சா சரின்னு பசையை எடுத்தான்."

"எடுத்துட்டு?"

"பசை வேண்டாம்பா, கறை விழுந்துரும்னு இவர் தடுத்துட்டார். பேப்பரை அப்படியே வெச்சாங்க. ஃபேன் காத்துல பறந்துச்சு. பாக்கெட்லேருந்து ரெண்டு நீலச் சாக்பீஸை எடுத்து மூலையில வெச்சார். அவன் ஸ்டூல் மேல ஏறி படம் எடுத்துட்டுப் போயிட்டான். பேப்பரை மடிச்சு இவர் பாக்கெட்ல போட்டுக்கிட்டார்."

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "தம்பிக்காரன் எதுக்குண்ணே தையல் சாக்பீஸ் வெச்சிருந்தான்?"

"எந்தத் தம்பி? அவன் வண்டியில கொண்டுவந்து இறக்கினதோட சரி. நான் சொல்றது வயசானவரை. கறை விழுந்தா என் வீட்டம்மா கண்டுபிடிச்சுருவான்னார். இப்பப் படுத்துட்டாராமே, பாவம்."

ஆணியில் தொங்கிய சட்டை கண்டக்டரின் கண்முன் வந்தது. 'எத்தனை தடவை திட்டியிருப்பேன்' என்ற குரலும்.

"உங்களுக்கு அங்கயே தெரியுமா மேடம்?"

"சந்தேகம். இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன்." மேடம் தச்சரைப் பார்த்தார். "அந்தத் தம்பி எங்க இருப்பான்னு தெரியுமா?"

தச்சர் உளியால் பின்பக்கம் காட்டினார். "மரம் இறக்கிட்டிருக்கான். அவன் வேன் போனதுலேருந்து எங்கிட்டதான் கூலிக்கு நிக்கிறான்."

தம்பிக்காரன் தோளில் பலகையோடு திரும்பினான். மேடத்தின் கையிலிருந்த படத்தைப் பார்த்ததும் பலகையை இறக்கி வைத்தான். ஓடுவான் என்று கண்டக்டர் வழியை அடைத்து நின்றார். அவன் ஓடவில்லை. அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்காவுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"உன்னைத் திருடன்னு நெனச்சிட்டிருக்காங்க" என்றார் கண்டக்டர்.

"அப்படியே நெனச்சுக்கட்டும்ணா."

"நீ நல்லவன் வேஷம் போட இது நேரமில்ல தம்பி. நாளைக்கு அவங்க சட்டி பானையோட தெருவுல நிப்பாங்க. நீ இங்க பலகை தூக்கிட்டிருப்பியா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். முதலில் கோர்வையாக வரவில்லை. மேடம் ஒன்றொன்றாகக் கேட்டார்.

வேன் வாங்க அவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. அக்காவிடம் கேட்டால் கொடுக்கமாட்டாள். மாமாதான் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பைனான்ஸ்காரரிடம் அடமானம் வைத்தார்.

"வீடு அக்கா பேர்லயும் இருக்கே. அவங்க கையெழுத்து?"

"போட்டாங்க. கரண்ட் கனெக்‌ஷனுக்குன்னு மாமா சொன்னார். அக்கா மிஷின்லேருந்து எந்திரிக்கக்கூட இல்ல. காட்டின இடத்துல எல்லாம் போட்டுட்டு, அந்தக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுங்கன்னாங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "வேன் கவுந்துச்சு. வட்டி ஏறிச்சு. வீட்டு விலையைவிடக் கடன் பெருசாயிடுச்சு. அப்பதான் மாமாவுக்கு யாரோ சொன்னாங்க. வரியைக் கட்டாம விட்டா வீடு ஏலத்துக்கு வரும், ஏலத்துல எடுத்தா எல்லாக் கடனும் கழிஞ்சு வீடு சுத்தமா வரும்னு."

"பைனான்ஸ்காரர் நோட்டீஸைப் பாத்தா அவரே வரியைக் கட்டி ஏலத்தை நிறுத்திடுவார்" என்றார் மேடம்.

"ஆமா மேடம். அவர் வசூல் ஆள் தினம் அந்தச் சந்து வழியாதான் போவான். அக்காவும் பாக்கக் கூடாது. எந்தத் தெருவுக்கு எப்ப ஒட்ட வர்றாங்கன்னு ஆபீஸ் போர்டுல போட்டிருந்தாங்க. அதைப் பாத்துதான் கதவைக் கழட்டினோம்."

"பலே" என்று கண்டக்டர் சொன்னார். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே கசந்தது.

"வீட்டுச் சொந்தக்காரங்களோ உறவோ ஏலம் கேக்கக் கூடாதாம். அதனால லாரிக்காரர்கிட்ட போனோம். வரிக்குன்னு அக்கா கொடுத்த பணத்தை எல்லாம் அவர்கிட்டதான் கொடுத்தோம். எடுத்துட்டு அக்கா பேருக்கே மாத்தித் தரேன்னார். எடுத்தார். மாமா போய்க் கேட்டார்." அவன் நிறுத்தினான். "எந்த வீடுன்னு கேட்டு சிரிச்சாராம். மாமா என்கிட்ட வந்து அதைச் சொல்லிட்டு நடந்தேதான் வீட்டுக்குப் போனார். வாசல்ல விழுந்தது அன்னிக்குத்தான். வெயில்னு அக்கா சொல்றாங்க. வெயில் இல்ல."

கூரை ஓட்டைகளின் வெளிச்சம் பலகைகள் மேல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மேடம் எழுந்து தச்சரின் பெஞ்சிலிருந்த வெள்ளைத் தாளை எடுத்தார்.

"கண்டக்டர், உங்க கையெழுத்து நல்லா இருக்கும். எழுதுங்க."

"மேடம், ஒரு நிமிஷம்." கண்டக்டர் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "மனு போட்டா ஜெயிக்குமா?"

"ஜெயிக்கும். ரெண்டு பேர் பேர்ல உள்ள வீடு. ஒருத்தர்கிட்ட மறைச்சிருக்காங்க. கதவு வீட்டுலயே இல்ல. ஏலம் நிக்காது."

"ஏலம் செத்தா பைனான்ஸ்காரர் பெட்டியில இருக்கிற பழைய பத்திரம் எந்திரிச்சு உக்காந்துரும். அந்தக் கடன் வீட்டைவிடப் பெருசு. இந்தக் கையில வாங்கி அந்தக் கையில கொடுக்கவா நாம இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அதை அவங்கதான் சொல்லணும். நானும் நீங்களும் இல்ல."

"மனுவுல காரணம் எழுதணுமே. யார் மறைச்சாங்கன்னு?"

"எழுதணும்."

"படுத்துக் கிடக்கிற மனுஷன் மேடம்."

"தெரியும்" என்றார் மேடம். "எழுதுங்க."

அக்கா தம்பியைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். கையில் இருந்த காலரைக் கீழே வைக்கவில்லை. தம்பி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். பட்டறையில் சொன்னதைவிடக் கோர்வையாகச் சொன்னான். லாரிக்காரர் சிரித்தது வரைக்கும் வந்தபோதுதான் அக்கா காலரை மடியில் வைத்தார்.

பிறகு எழுந்து பின்னறைக்குப் போனார். கணவரின் வாயோரத்தைத் துணியால் துடைத்தார். குனிந்து அவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தார்.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

கண்கள் அவரையே பார்த்தன. நெடுநேரம் அசையவில்லை. பிறகு மூடின. திறந்தன.

அக்கா நிமிர்ந்தார்.

"சொல்லுங்க மேடம். இப்ப என்ன இருக்கு என் கையில?"

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "மனு போட்டீங்கன்னா ஏலம் ரத்தாகும். லாரிக்காரர் வரமாட்டார். ஆனா வரி பாக்கி உங்க தலையில நிக்கும். பைனான்ஸ்காரர் கடனும் உயிரோட வரும், நீங்களே கையெழுத்து போட்ட கடன். போடலன்னா வீட்டு மேல உள்ள கடன் செத்துப்போகும். வீடும் போகும். நாளைக்குக் காலையில சாவியைக் கொடுக்கணும்."

"போடாதக்கா" என்றான் தம்பி. அழுதுகொண்டிருந்தான். "அந்தக் கடனை உன்னால அடைக்க முடியாது. எங்கயாவது வாடகைக்குப் போயிடலாம். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டதுதான் தெரியுதே." அக்கா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கடன்காரன் வந்து கதவைத் தட்டுவான். தட்டட்டும். அவன்கிட்ட பேசலாம், தவணை கேக்கலாம், கால்ல விழலாம், சண்டை போடலாம். சிரிச்சுட்டு நிக்கிறவன்கிட்ட என்னடா பேசுறது? மேடம், பேப்பர் கொண்டு வந்திருக்கீங்களா?"

கண்டக்டர் தாளை நீட்டினார். பேனாவையும் நீட்டி, கீழே கையெழுத்துக்குரிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்கண்ணா."

"நேரமாகுதும்மா. ஆபீஸ் மூடிடுவாங்க. எல்லாம் சரியாத்தான்..."

"முழுசா படிங்க. இங்க நின்னு படிங்க."

இங்கே என்றால் கட்டில் பக்கத்தில். கண்டக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் சளைக்காமல் கத்தியவர், அந்தச் சின்ன அறையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

வீட்டு நம்பரைப் படித்தார். ஏலத் தேதியைப் படித்தார். நோட்டீஸ் ஒட்டியதாகச் சொல்லப்படும் நாளில் கதவு தச்சுப் பட்டறையில் இருந்ததைப் படித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் அவர் குரல் நின்றது. கட்டிலில் இருந்த கண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நிறுத்தாதீங்க" என்றார் அக்கா.

"...'மேற்படி நோட்டீஸை என் பார்வைக்கு வராமல்... என் கணவரும்... என் உடன்பிறந்த தம்பியும் சேர்ந்து, வேண்டுமென்றே மறைத்தார்கள். இது எனக்குத் தெரியாது.'"

"இன்னொரு தடவை."

கண்டக்டர் இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை தடுமாறாமல் படித்தார். வாசலில் தம்பிக்காரன் முகத்தை மூடிக்கொண்டு குந்தினான்.

கட்டிலில் கண்கள் மூடின. இந்த முறை உடனே திறக்கவில்லை.

அக்கா பேனாவை வாங்கி, தாளைத் தையல் மேசையில் வைத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். மை காயும் வரை ஊதினார். மடித்து மேடத்திடம் கொடுக்கப்போனவர், தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன். நீங்க கூட வாங்க, போதும்."

செருப்பை மாட்டினார். வாசலில் குந்தியிருந்தவனைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவன் தலைக்கு மேலே நின்றார்.

"எந்திரி. மாமாவை அந்தப் பக்கமா திருப்பிப் படுக்க வை. ஒரே பக்கமா கிடந்தா முதுகு புண்ணாகும். முதல்ல தோளைப் பிடி, அப்புறம் இடுப்பு. இழுத்துடாத."

அவர் சந்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். மேடமும் கண்டக்டரும் பின்னால் ஓட்டமும் நடையுமாகத்தான் போக முடிந்தது.